குழலை மாற்றாதே

பலெர்மோ, அல்பெர்கேரியா
13 நவம்பர் 2023

இஞ்சாருங்கோ,

மரப்பட்டறை என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்? "வடக்கே பிரேசியாப் பக்கம் ஒரு மரப்பட்டறை, நல்ல ஆக்கள்" என்று. நேற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறேன், அற்புதமலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர மனுசன் துவக்குப் பட்டறையிலை மரப்பிடிச் சோங்கு தேய்க்கிறாராம், தெரியுமோ? என்ர தம்பியும் அங்கைதான் நிக்கிறான்" என்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நான் துவக்கைத் தொட்டது பெரிய பாவம் என்று வீட்டை விட்டுப் போன மனுசன், இப்போது நாள் முழுக்க அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு இருக்கிறீர்கள். நல்ல ஞாயம்!

போனில் கதைத்தால் இரண்டாம் சொல்லிலேயே சண்டை வருகிறது. அதுதான் தாள் எடுத்தேன். தாளில் நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது.

விசயம் இதுதான். சுடுமிடத்தைக் கூட்டித் துடைக்கப் போன எனக்கு அங்கே சுட வருகிற சிஞ்ஞோரா கொன்செத்தா ஒருநாள் விளையாட்டாகத் தன் துவக்கைத் தந்ததும், நான் சுட்ட தாளைப் பார்த்து அவ வாயைப் பிளந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்குத்தானே வீட்டில் அவ்வளவு கூத்து. அது சின்னத் துவக்கு. ரவையும் பென்சில் துண்டளவுதான். மிருகத்துக்கும் இல்லை, மனுசருக்கும் இல்லை, ஐம்பது மீற்றர் தள்ளித் தொங்குகிற தாளுக்கு.

இப்போது அவவுக்குத் தோள் ஏலாது. துவக்கை எனக்கே தரப்போகிறா. மார்ச் மாதம் சிசிலி முழுக்கச் சேர்ந்து ஒரு போட்டி, அதற்கு என் பெயரையும் கொடுத்துவிட்டா. ஆனால் என் சூடு கெட்டுப்போய்க் கிடக்கிறது. தொடக்கத்தில் நடுவில் விழுகிறது, போகப்போகப் பக்கவாட்டில் இறைகிறது. "குழல் தேய்ஞ்சு போச்சு, புதுசு போடவேணும், சோங்கையும் மாத்தினால் நல்லது" என்கிறா அவ. அங்கே வருகிறவர்கள் ஆளுக்கொரு விதம் சொல்கிறார்கள். ஒருத்தன் கனத்த குழல் என்கிறான், மற்றவன் மெல்லிசு என்கிறான். தோளில் ஊன்றுகிற சோங்கில் எத்தனை வகை இருக்கிறதோ அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். நான் யாரைக் கேட்பது? என் வீட்டிலேயே ஒரு சோங்குக்காரர் இருக்கிறாராமே.

எந்தக் குழல், எந்தச் சோங்கு? அதை மட்டும் எழுதுங்கோ. மற்றக் கதை வேண்டாம்.

விமலராணி


பிரேசியாவுக்கு மேலே
25 நவம்பர் 2023

ராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மரப்பட்டறை என்று நான் சொன்னது பொய் இல்லை. நான் தொடுவது மரம் மட்டும்தான். அக்ரூட் மரக்கட்டையை மெஷின் வெட்டித் தருகிறது. நான் மண்கடதாசியால் தேய்த்து எண்ணெய் ஏற்றுகிறேன். இரும்பு இருக்கிற பக்கம் போவதில்லை.

ஏன் போவதில்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னாரில் அந்தச் சோதனைச் சாவடியில் என் இடத்தோளை முறித்தது ரவை இல்லை, சோங்கு. குளிர் வந்தால் இப்போதும் அந்த இடம் உளைகிறது. இங்கே எந்நேரமும் குளிர். வேலைக்கு வந்த முதல் நாள் பட்டறை முதலாளி, பத்ரோனே, ஒரு சோங்கை என் கையில் வைத்தார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். ஆளைக் காணவில்லை என்று தேடி வந்து தட்டினார்கள். வேறு வேலை கிடைத்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். கிடைக்கவில்லை. உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனபடியால் துவக்கு அலுவல் ஒன்றும் என்னிடம் கேட்காதே. நான் உனக்குக் குறுக்கே நிற்கவும் இல்லை, கூட நிற்கவும் மாட்டேன். கூப்பிட்ட நேரம் நீ வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையால் மேலும் கீழும் நடக்கிறேன். அறையில் இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நடந்தால் போவதற்கு இடமில்லை.

யோசேப்

பி.கு.: சுட்ட தாள்களை அனுப்பு. எது எத்தனையாவது சூடு என்று பக்கத்தில் குறித்து அனுப்பு. போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேணுமாம். நான் பத்ரோனேயிடம் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.


பலெர்மோ
8 டிசம்பர் 2023

இஞ்சாருங்கோ,

"பேச்சுவாக்கில் வந்தது." ஓம் ஓம், வந்திருக்கும்.

தாள்களும், துவக்கின் பெயரும் வகையும் எழுதின துண்டும் உள்ளே இருக்கின்றன. என்னோடு துப்புரவு வேலைக்கு வருகிற மொரீசியஸ்காரி மரியேல்தான் கூடவே நின்று ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கம் போட்டாள். அவளுக்கு நான் எப்படியும் வெல்ல வேண்டும். ஏனென்று கேட்டால் "சும்மா" என்கிறாள்.

கழிவறைக்குள் நின்ற கதையை இவ்வளவு மாதம் கழித்தா எழுதுவது? வாசித்துவிட்டுக் குசினியில் இருந்து அழுதேன். அழுது முடிய உங்களைத் திட்டினேன். அந்தத் தோளுக்கு இத்தனை வருசமாக எண்ணெய் பூசினது யார்? "துவக்கெண்டால் எனக்கு அந்தச் சாவடிதான் ராணி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரிக் கதைத்திருப்பேன். நீங்கள் சொன்னது என்ன? "சனம் என்ன சொல்லும்." சனத்துக்காக நான் ஒரு கறிவேப்பிலையைக்கூட விட்டுக் கொடுக்க மாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஏன் இது வேண்டும் என்று நீங்களும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விடிந்தால் கால்சாவில் ஒரு சிஞ்ஞோராவின் வீடு. பிறகு சீசாப் பக்கம் மாடிப்படி கழுவுகிற வேலை. பிறகு சுடுமிடம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டம். வீட்டுக்கு வந்தால் பிள்ளையில்லாத வீடு. இப்போது மனுசனும் இல்லாத வீடு. ஓரிடத்தில் இருக்க ஏலாமல் துடைத்ததையே திரும்பத் துடைக்கிறேன். அந்தப் பாயில் குப்புறக் கிடந்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறேனே, அந்த நேரம் மட்டும்தான் என் தலை சும்மா இருக்கிறது. அந்தச் சும்மாவுக்குத்தான் போகிறேன்.

ஒரு பந்தயம் கட்டுவோம். மார்ச் போட்டியில் நான் தகுதிப் புள்ளி எடுக்காவிட்டால் துவக்கைத் திருப்பிக் கொடுத்து, வேலைகளையும் விட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்களிடம் வருகிறேன். வாயே திறக்க மாட்டேன். எடுத்துவிட்டால் "வா, வா" என்கிற கதையை நீங்கள் விட வேண்டும். சம்மதமோ?

சம்மதமென்றால் குழலைப் பற்றி எழுதுங்கோ.

ராணி


பிரேசியாவுக்கு மேலே
4 ஜனவரி 2024

ராணிக்கு,

சம்மதம்.

நத்தாருக்குத் தனியாகச் சோறு வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. அதைச் சொல்ல வரவில்லை.

குழலைப் பற்றிப் பத்ரோனே சொன்னதை எழுதுகிறேன். கனத்த குழல் ஆடாது. ஆனால் நாள் முழுக்க மொப் பிடிக்கிற உன் முழங்கையும் இடுப்பும் அதைத் தாங்க வேண்டும். மெல்லிய குழலுக்குக் கார்பன் உறை போட்டு இப்போது வருகிறது. பாரமில்லை, ஆனால் கை கொஞ்சம் நடுங்கினாலும் காட்டிக் கொடுத்துவிடும். நீளக் குழலில் நுனிக்குறி தள்ளி நிற்பதால் குறி பார்க்கச் சுகம். எதைப் போட்டாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு இருக்கிறதாம். ஒரு பெட்டி ரவை அதற்குப் பிடிக்கும், இன்னொரு பெட்டி பிடிக்காது, கொடுத்துப் பார்த்துத்தான் சொல்லலாம்.

சோங்கு என்றால் மூன்று வகை. ஒரே மரத்தில் செதுக்கியது பார்க்க வடிவு. மெல்லிய பலகைகளை ஒட்டி அழுத்தியது ஈரத்துக்கு வளையாது, பலெர்மோவின் கடல்காற்றுக்கு அதுதான் நல்லது. அலுமினியத்திலும் இருக்கிறது. அதில் எங்கும் திருகாணி, கன்னம் வைக்கிற பலகையை ஏற்றலாம், இறக்கலாம்.

ஒன்றைக் கவனி. குழல் வாங்குவதென்றால் கடைக்காரர் மூலம் பொலிஸ் கந்தோரில், அந்தக் குவெஸ்தூராவில், பதிய வேண்டும், அது துவக்கின் உறுப்பு. சோங்குக்கு ஒன்றும் வேண்டாம். வெறும் மரம், தபாலில் போகும். எங்களைப் போல வரிசையில் நிற்க வேண்டியது குழல் மட்டும்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பத்ரோனே உன் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, கனநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "குழலிலை பிழை இல்லை" என்றார். தேய்ந்த குழல் என்றால் முதல் சூட்டிலேயே இறையுமாம். உன்னுடையதில் முதல் சூடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன, பிறகுதான் இடமும் வலமும் அலைகின்றன. "குழல் களைக்காது, ஆள்தான் களைக்கிறது. எதாலை களைக்கிறா எண்டு கேள்" என்றார்.

கேட்கிறேன். கை களைக்கிறதா, மூச்சா, கண்ணா? ஊசியில் நூல் கோர்க்கும்போது எந்தக் கண்ணை மூடுவாய்? இரண்டு கண்ணும் திறந்தபடி பெருவிரலை நீட்டித் தூரத்து விளக்கை மறை. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார். எந்தக் கண்ணுக்கு விளக்கு மறைந்தபடி நிற்கிறது?

இதெல்லாம் அவர் கேட்கச் சொன்னது.

அறைக்கு இன்னொரு தலையணை வாங்கி வைத்திருக்கிறேன்.

யோசேப்


பலெர்மோ
22 ஜனவரி 2024

இஞ்சாருங்கோ,

குழலைக் கேட்டால் ஊசியைக் கேட்கிறீர்கள்! தலையணை வேறு!

எனக்கு உங்களைத் தெரியாதோ? இப்படி ஊசி, நூல், விளக்கு என்று நாளைக் கடத்தினால் மார்ச் வந்துவிடும். பழைய குழலோடு நான் தோற்றுப்போய்ப் பெட்டியோடு வந்து இறங்குவேன். அதுதானே உங்கள் கணக்கு? பந்தயம் கட்டினது என் மடத்தனம். தோற்றால் இலாபம் உங்களுக்கு, அந்த உங்களிடமே யோசனை கேட்கிறேன் பாருங்கோ. பூனையிடம் மீனுக்குக் காவல் கேட்ட கதை.

கொன்செத்தா கனத்த குழலுக்குச் சொல்லப் போகிறா. அவவை இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நேரே ஒரு பதில் எழுதுங்கோ.

கேட்டதற்கு நானும் நேரே சொல்கிறேன். ஊசி கோர்க்க வலக்கண்ணை மூடுவேன். எல்லாரும் அப்படித்தானே? விளக்கு இடக்கண்ணுக்குத்தான் மறைந்து நிற்கிறது. சுடுகிற நேரம் அந்த இடக்கண்ணை மூட வேண்டியிருக்கிறது, அது மூட மாட்டேன் என்று துடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணி வடிகிறது. பிளாஸ்ரர் ஒட்டியும் பார்த்தேன். அப்போது வலக்கண்ணுக்குத் தாள் மங்கிப் போகிறது. வயசு போகிறதாக்கும்.

முதல் நாள் கொன்செத்தா, "எந்தக் கை?" என்று கேட்டா. சோத்துக்கையைக் காட்டினேன். வேறென்ன காட்டுவது? முன்பின் தெரியாத சிஞ்ஞோராவிடம் பீச்சக்கையை நீட்டவா? சின்னனில் அந்தக் கையால் சோற்றைத் தொட்டேன் என்று அம்மா சீலைத்துண்டால் கதிரையோடு கட்டிவிட்டவ. கோயிலில் அந்தக் கையால் சிலுவை போட்டு அடியும் வாங்கினேன். பிறகு பழகிவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

போன ஞாயிறு மலைக்கோயிலுக்கு ஏறிச் சாந்தா ரொசாலியாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்வதை விட அவவிடம் சொல்வது சுகம். திருப்பி ஊசியைப் பற்றிக் கேட்க மாட்டா.

ராணி


பிரேசியாவுக்கு மேலே
3 பெப்ரவரி 2024

ராணி,

குழலை மாற்றாதே. கொன்செத்தாவிடம் இன்றைக்கே சொல்.

நான் வெளிக்கிட்ட அன்று நீ எறிந்த மோக்கா, அந்தக் கோப்பிக் கேத்தல், நினைவிருக்கிறதோ? நான் குனிந்தபடியால் என் மூக்கு தப்பியது. சுவரில் இன்னும் அந்தக் காயம் இருக்கும், போய்ப் பார். எந்தக் கையால் எறிந்தாய்? வலக்கையில் அகப்பை இருந்தது. நீ அடுப்பிலிருந்து இடக்கையால் எடுத்து, இடக்கையாலேயே எறிந்தாய். வடிவாகப் பார்த்துக்கூட எறியவில்லை, ஆனால் குறி தப்பவில்லை.

மீன் வெட்டும்போது கத்தி எந்தக் கையில்? போத்தல் மூடியை எந்தக் கையால் திருகுவாய்? தின்ன, எழுத, சிலுவை போட மட்டும்தான் நீ வலக்கைக்காரி. மற்ற எல்லாவற்றுக்கும் உன் அம்மா கட்டிவிட்ட அந்தக் கைதான். கண்ணும் அந்தப் பக்கத்துக் கண்தான். நல்ல கண்ணைப் பொத்திப்போட்டு மற்றக் கண்ணால் சுட்டிருக்கிறாய். அது களைக்காமல் என்ன செய்யும்? பத்ரோனே கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

இங்கே ஒரு இடக்கைச் சோங்கு கிடந்தது. யாரோ சொல்லிச் செய்வித்து, எடுக்க வராமல் விட்டது. பலகை ஒட்டி அழுத்திய வகை. "உன்ர மனுசிக்கு அனுப்பு" என்றார். துவக்கின் மற்றப் பாகம் இதில் பொருந்தும், நீ எழுதி அனுப்பின வகையை வைத்து அளவு பார்த்துவிட்டோம். கன்னப் பலகை உனக்கு உயரமாக இருந்தது, நான் தேய்த்து இறக்கியிருக்கிறேன். உன் கன்னம் எனக்குத் தெரியும்தானே. ரவையை உள்ளே தள்ளுகிற பிடி வலப்பக்கம்தான் இருக்கும். கையை மேலால் கொண்டுபோய் எட்டி இழுக்க வேண்டும். முதல் கிழமை கண்டபடி போகும், பயப்படாதே.

தேய்த்து முடிந்ததும் தோளில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இடக்கைச் சோங்கை இடத்தோளில்தானே வைக்க வேண்டும். அதே தோள். வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மரம்தான் ராணி.

இனி உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதம் வாசித்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. எழுதாமல் விட்டால் நீ கனத்த குழலைப் போட்டு, இன்னும் களைத்து, தோற்று, ஏப்ரலில் இஞ்சை வந்து நிற்பாய். சோங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மூன்று நாள் தபால் கந்தோரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், உள்ளே போகவில்லை. இன்று போகிறேன். நீ வெல்ல வேண்டும். நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. பரவாயில்லை என்பது பொய். ஆனாலும் நீ வெல்.

யோசேப்


பிரேசியாவுக்கு மேலே
26 மார்ச் 2024

ராணி,

போட்டி முடிந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. நீ எழுதவில்லை. போன் எடுத்தேன், அதையும் நீ எடுக்கவில்லை. அற்புதமலரின் தம்பியைக் கேட்டேன், "அக்கா ஒண்டும் சொல்லேல்லை" என்கிறான்.

வென்றாயோ தோற்றாயோ எழுது. சோங்கு கன்னத்துக்குச் சரியாக இருந்ததா என்றாவது எழுது. இன்று வேலையில் ஒரு நல்ல கட்டையைத் தேவைக்கு மிஞ்சித் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். பத்ரோனே ஏசவில்லை, வீட்டுக்குப் போ என்றார். வீடு எங்கே இருக்கிறது போக?

யோசேப்


பலெர்மோ
2 ஏப்ரல் 2024

இஞ்சாருங்கோ,

பாவம், அந்தக் கட்டையை ஏன் கெடுத்தீர்கள்?

முதலில் சோங்கைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து கன்னத்தை வைத்தேன், வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்தால் குறி நேரே நிற்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. "ஐயோ என்ர மாதாவே" என்று கத்திவிட்டேன், மரியேல் பயந்துபோனாள். முதல் கிழமை நீங்கள் சொன்னபடியே கண்டபடி போனது. ரவைப் பிடியை எட்டி இழுக்கும்போது பழக்கதோசத்தில் வலக்கை முன்னுக்கு வந்து நின்றது. கொன்செத்தா அந்தக் கையைக் கட்டிவிடவா என்று கேட்டா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

போட்டியில் தண்ணி வடியவில்லை. கடைசிச் சூடும் முதல் சூட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. தகுதிப் புள்ளி எடுத்துவிட்டேன், அதற்கு மேலும் எடுத்தேன். பழைய குழல், அதே குழல்! பந்தயத்தில் நான் வென்றுவிட்டேன். இனி நீங்கள் "வா" என்று சொல்ல ஏலாது. விளங்கினதோ?

ஏன் எழுதவில்லை என்றால் அலைச்சல். கொன்செத்தா துவக்கை என் பெயருக்கு மாற்றித் தந்தா. அதைச் சொல்லக் குவெஸ்தூராவுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டை, "சிஞ்ஞோரா, எந்த வீட்டிலை வைச்சிருக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள். துவக்கு எந்த வீட்டில் இருக்கும் என்று சொல்ல வேணுமாம். அல்பெர்கேரியா என்று வாய் வரைக்கும் வந்தது. அதுதானே மரியாதையான பதில், அதுதானே என் வதிவிட அனுமதியிலும், பெர்மெஸ்ஸோவிலும், இருக்கிறது. சோத்துக்கையை நீட்டின மாதிரி அதையும் சொல்லியிருப்பேன்.

சொல்லவில்லை. "நான் வீடு மாறுறன்" என்றேன். அப்படியென்றால் மாறிப் போகிற ஊரில் போய்ச் சொல்ல வேணும் என்று அதற்கான அலுவல்களைச் சொன்னாள். அந்த அலுவல்களோடுதான் இவ்வளவு நாளும் திரிந்தேன். கால்சா வீட்டையும் சீசா மாடிப்படியையும் மரியேல் எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னம் உங்களுக்குச் சொல்லி, பிறகு ஒன்று பிசகி, ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

தோற்று வந்திருந்தால் அந்த அறையில் நான் ஒருநாளும் சிரித்திருக்க மாட்டேன். உங்களுக்கும் தெரியும், நீங்களும் சிரித்திருக்க மாட்டீர்கள். தபால் கந்தோரை மூன்று நாள் சுற்றினேன் என்று எழுதினீர்களே, அதை வாசித்த அன்றே வருவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வென்றுவிட்டுத்தான் வருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பத்ரோனேயிடம் கேளுங்கோ, உங்கள் பள்ளத்தாக்கில் எனக்குக் குப்புறக் கிடக்க ஒரு பாய் எங்கே கிடைக்கும் என்று. நீங்களும் ஒருநாள் வந்து பக்கத்தில் நில்லுங்கோ. சுட வேண்டாம், நின்றால் போதும். ஏலாமல் போனால் கழிவறை இருக்கும்தானே, நான் வந்து தட்டுகிறேன்.

துவக்கு பூட்டின பெட்டியில் என்னோடு வருகிறது. மோக்காவும் வருகிறது, பிடி வளைந்துபோனது. அந்தப் புதுத் தலையணையைக் கட்டிலின் இடப்பக்கம் போட்டு வையுங்கோ.

ராணி